துணையோடு திரியும் கற்கள்

ஐப்பசி, கார்த்திகை வந்தாலே நுங்கம்பாக்கத்துக்கு மவுசு கூடிவிடும். ‘நுங்கம்பாக்கத்தில் இத்தனை சென்டிமீட்டர், மீனம்பாக்கத்தில் இத்தனை சென்டிமீட்டர்’ என்று டி.வி.யில் சொல்லச் சொல்ல, நாளைக்குப் பள்ளிக்கூடம் லீவா, இல்லையா என்று வீட்டில் கணக்கு ஓடும். சென்னைவாசிகளுக்கு நுங்கம்பாக்கம் என்றால் மழை!

ஆனால், அந்த வளாகத்தின் அசல் தொழில் மழையை அளப்பதல்ல. நட்சத்திரங்களை எண்ணுவது. நம்ப மாட்டீர்கள்... சூரியனைச் சுற்றும் இரண்டு பெரிய பாறைகளை உலகத்துக்கே முதலில் காட்டிக்கொடுத்தது நுங்கம்பாக்கம்தான். அதைவிட வேடிக்கை, அந்த இரண்டு பாறைகளும் தனி ஆள் இல்லை, ஆளுக்கொரு ‘துணை’யோடு திரிகின்றன என்று தெரியவர, நூற்று முப்பது வருடங்களுக்கு மேல் ஆயிற்று. அந்தக் கதைதான் இந்த வாரம்.

1786-ல் எழும்பூரில், வில்லியம் பெட்ரி என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி, சொந்தச் செலவில் ஒரு சின்ன அப்சர்வேட்டரி வைத்திருந்தார். கம்பெனிக்காரர்களுக்கு அது தேவைப்பட்டது. வானத்து ஆசை எல்லாம் இல்லை. கப்பல் ஓட்டவும், பிடித்த நாட்டுக்கு மேப் போடவும் துல்லியமான நேரமும் தீர்க்கரேகையும் வேண்டும். நட்சத்திரத்தைப் பார்க்காமல் அன்றைக்கு அது நடக்காது. எனவே 1792-ல், மைக்கேல் டாப்பிங் போட்ட பிளானின்படி, நுங்கம்பாக்கத்தில் கம்பெனியின் அப்சர்வேட்டரி எழுந்தது. கருவியை ஆடாமல் அசையாமல் நிறுத்த ஒரு பெரிய கருங்கல் தூண். அதில் தமிழ், தெலுங்கு உட்படப் பல மொழிகளில் கல்வெட்டு. கட்டடம் போய்விட்டது. தூண் மட்டும் வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது.

இந்த நுங்கம்பாக்கத்துக்கும் ‘இரட்டை’களுக்கும் ஏதோ ராசி. 1855-ல் இங்கே தலைவராக இருந்த கேப்டன் ஜேக்கப், ஓஃபியூக்கஸ் மண்டலத்தில் ஒன்றையொன்று சுற்றும் ஓர் இரட்டை நட்சத்திரத்தை விடாமல் பின்தொடர்ந்தார். கணக்குக்கும் நடப்புக்கும் ஒத்துப்போகவில்லை. ஜோடியின் பாதையில் லேசான கோணல்! ‘கண்ணுக்குத் தெரியாத மூன்றாவது ஆள் ஒருவன் இழுக்கிறான். அது ஒரு கிரகமாக இருக்கலாம்’ என்று லண்டனுக்கு எழுதினார். வேறொரு சூரியனுக்குக் கிரகம் உண்டு என்று அளவெடுத்துச் சொன்ன முதல் ஆசாமிகளில் ஒருவர், மெட்ராஸ்காரர்! பிற்பாடு அந்தக் கிரகம் இல்லை என்று ஆகிவிட்டது. போகட்டும். ஆனால், அவர் பிடித்த வழி இருக்கிறதே, ‘துணை ஏற்படுத்தும் இழுப்பை வைத்து ஆளைக் கண்டுபிடிப்பது’... அது நூற்றுக்கு நூறு சரியான வழி.

1861-ல் வந்து சேர்ந்தார் நார்மன் போக்ஸன். நாட்டிங்ஹாமில் பிறந்தவர். நட்சத்திரங்களின் பிரகாசத்துக்குப் படிக்கட்டு போட்டுக் கொடுத்தவர் இவர்தான். ஐந்து படி இறங்கினால் வெளிச்சம் நூறில் ஒரு பங்கு என்று இவர் 1856-ல் சொன்ன கணக்கைத்தான் வானியலார் விடாமல் பயன்படுத்தி வருகிறார்கள்.

மெட்ராஸில் கால்வைத்த சூட்டோடு, அந்த வருடம் ஏப்ரலில் ஒரு குறுங்கோளைப் பிடித்துவிட்டார் மனிதர். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே லட்சக்கணக்கில் சுற்றும் பாறைகளுக்குத்தான் குறுங்கோள் என்று பெயர். ஆசிய மண்ணிலிருந்து பிடிபட்ட முதல் குறுங்கோள் என்பதால், ‘ஆசியா’ என்றே பெயர் வைத்தார்.

எப்படிப் பிடிப்பது என்கிறீர்களா? கேமரா கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது. வானத்தின் ஒரு துண்டை மேப்பில் புள்ளி புள்ளியாகக் குறித்துக்கொள்ள வேண்டும். மறுநாள் ராத்திரி தொலைநோக்கியில் அதே துண்டை மறுபடி பார்க்க வேண்டும். நேற்று இருந்த இடத்தில் ஒரு புள்ளி இல்லை, கொஞ்சம் நகர்ந்திருக்கிறது என்றால், அது நட்சத்திரம் அல்ல. நம் சூரியக் குடும்பத்து ஆள்! நூற்றுக்கணக்கான புள்ளிகளில் நகர்ந்த ஒரே புள்ளியைக் கண்டுபிடிக்கக் கழுகுக் கண் வேண்டும். போக்ஸனுக்கு இருந்தது.

1864-ல் ‘சாஃபோ’. 1866 மே 16-ம் தேதி ‘சில்வியா’. 1868 நவம்பர் 17-ம் தேதி ‘கமில்லா’. 1885-ல் ‘வேரா’. ஆசியாவையும் சேர்த்தால், மெட்ராஸிலிருந்து மொத்தம் ஐந்து.

அப்சர்வேட்டரியில் போக்ஸன் மட்டுமில்லை. சிந்தாமணி ரகுநாதாச்சாரி என்ற நம்மவர் இருந்தார். 1867-ல் பிரகாசம் மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தவர். 1872-ல் லண்டன் ராயல் அஸ்ட்ரனாமிகல் சொசைட்டியில் இடம்பெற்ற முதல் இந்தியர். வானத்தில் நிஜமாக நடப்பதோடு ஒத்துப்போகும்படி பஞ்சாங்கத்தைத் திருத்த வேண்டும் என்று வாதாடியவரும் இவரே. போக்ஸனின் மகள் ஐசிஸ், 1873 முதல் அப்பாவுக்கு உதவியாளராக அங்கே வேலை பார்த்தார். இதே ராயல் சொசைட்டியில் சேர்க்கச் சொல்லி 1886-ல் இந்தப் பெண்மணிக்காக விண்ணப்பம் போனது. பெண் ஆயிற்றே... ஒப்புக்கொள்ளவில்லை. 1920-ல்தான் கதவு திறந்தது!

1891-ல் போக்ஸன் மெட்ராஸிலேயே காலமானார். முப்பது வருடம் அவர் எடுத்த நட்சத்திர அளவுகளில் பெரும்பகுதி அச்சுக்கே போகவில்லை. உதவிக்குப் போதிய ஆள் இல்லை, வேலையோ மலை மாதிரி. அடுத்து வந்த மிச்சி ஸ்மித்தான் உட்கார்ந்து மீதித் தொகுதிகளைப் போட்டு முடித்தார். மொத்தம் எட்டுத் தொகுதி. 1899-ல் வானியல் வேலை கொடைக்கானலுக்கு மலையேறிவிட்டது. நுங்கம்பாக்கத்துக்கு மழையும் வெயிலும் மிச்சம்.

சில்வியாவும் கமில்லாவும் என்ன ஆயின? 87-வது குறுங்கோள், 107-வது குறுங்கோள் என்று பட்டியலில் இரண்டு வரி ஆயின. சூரியனை ஒரு சுற்றுச் சுற்ற ஆறரை வருடம் ஆகிறது என்று தெரியும். வியாழன் பக்கமாக, குறுங்கோள் பட்டையின் வெளி ஓரத்தில் இருக்கின்றன என்று தெரியும். ஆனால், அவை எதனால் ஆனவை? கெட்டிப் பாறையா, இரும்பா, பனிக்கட்டியா? அது தெரிய வேண்டுமானால் எடை தெரிய வேண்டும். எடைதான் தெரியாது!

ஏன் தெரியாது? சூரியனை இவ்வளவு தூரத்தில் சுற்றினால் இவ்வளவு வேகம் என்பது விதி. சுற்றுவது கருங்கல்லாக இருந்தாலும் சரி, பஞ்சு மூட்டையாக இருந்தாலும் சரி, வேகம் ஒன்றுதான். எனவே, தன்னந்தனியாகத் திரியும் பாறையைப் பார்த்து அதன் எடையைச் சொல்ல முடியாது.

அதற்கு ஒரு துணை வேண்டும். ஒரு கயிற்றில் கல்லைக் கட்டித் தலைக்கு மேலே சுற்றிப்பாருங்கள். வேகமாகச் சுற்றினால் கயிற்றை இறுக்கிப் பிடிக்க வேண்டும். மெதுவாகச் சுற்றினால் லேசாகப் பிடித்தால் போதும். வானத்தில் கயிறு கிடையாது. ஈர்ப்புதான் கயிறு. துணைக்கோள் எவ்வளவு தூரத்தில் சுற்றுகிறது, ஒரு சுற்றுக்கு எவ்வளவு நேரம் என்ற இரண்டே எண்கள் கையில் இருந்தால், நடுவில் பிடித்துக்கொண்டிருப்பவரின் பலம் தெரிந்துவிடும். பலம் தெரிந்தால் எடை தெரிந்த மாதிரி. நியூட்டன் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போன கணக்கு இது.

இந்தக் கணக்கில் மாட்டி, மானம் போன ஆசாமி ஒருவர் இருக்கிறார். புளூட்டோ!

1930-ல் கண்டுபிடித்தபோது, புளூட்டோ கிட்டத்தட்ட பூமி அளவு கனம் இருக்கும் என்று நினைத்தார்கள். பிறகு, பூமியில் பத்தில் ஒரு பங்கு என்றார்கள். 1976-ல் நூறில் ஒரு பங்கு. எல்லாம் குத்துமதிப்பு. ஏனென்றால், துணை யாரையும் காணோம். காணமுடியாததற்குக் காரணம் தூரம். எவ்வளவு தூரம் என்று சென்னைக் கணக்கில் சொல்கிறேன்.

நுங்கம்பாக்கம் தூணுக்குப் பக்கத்தில் சூரியனை வையுங்கள். சுமார் இரண்டேகால் மீட்டர் குறுக்களவுள்ள ஒரு பெரிய பந்து. அங்கிருந்து 250 மீட்டர் தள்ளி, ஒரு நெல்லிக்காய். அதுதான் பூமி. தூணிலிருந்து 870 மீட்டரில், நடுரோட்டில் ஒரு ரவைத் துகள் கிடக்கிறது. அது போக்ஸனின் சில்வியா. புளூட்டோ எங்கே? அமைந்தகரை, கோயம்பேடு, மதுரவாயல் எல்லாம் தாண்டி வாருங்கள். நேர்கோட்டில் பத்துக் கிலோமீட்டர். வானகரம்! பூந்தமல்லி நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு மிளகு இருக்கிறது. அதுதான் புளூட்டோ. அந்த மிளகிலிருந்து இரண்டு விரல் அகலம் தள்ளி ஒரு கடுகு. நுங்கம்பாக்கத்து நெல்லிக்காய் மேல் உட்கார்ந்துகொண்டு, வானகரத்தில் இருப்பது மிளகு மட்டும்தானா, கூடவே கடுகும் உண்டா என்று சொல்ல வேண்டும். இதுதான் பரீட்சை.

1978 ஜூன் மாதம் அதில் பாஸானவர், அமெரிக்கக் கடற்படை அப்சர்வேட்டரியின் ஜேம்ஸ் கிறிஸ்டி. புளூட்டோவின் போட்டோக்களில் ஒரு பக்கம் லேசாக வீங்கியிருந்தது. ‘கோளாறான பிளேட்’ என்று ஒதுக்கிவைத்தவை அவை. கிறிஸ்டி பழைய பிளேட்டுகளையும் எடுத்துவைத்துப் பார்த்தார். வீக்கம் கிறுக்குத்தனமாக இடம் மாறவில்லை. ஆறரை நாளுக்குக் கொஞ்சம் குறைவான கணக்கில், ஒழுங்காகச் சுற்றிச் சுற்றி வந்தது. அட, அது துணைக்கோள்! மனைவி ஷார்லீனைச் செல்லமாக ‘ஷார்’ என்று கூப்பிடுவார். துணைக்கோளுக்கு ‘ஷாரன்’ என்று பெயர் வைத்தார். கிரேக்கப் புராணத்தில் செத்தவர்களை ஆற்றைக் கடக்கவைக்கும் படகோட்டியின் பெயரும் அதே எழுத்துகள்தான் என்று பிறகு தெரிந்து, ரொம்ப சௌகரியமாகப் போயிற்று.

துணை கிடைத்தாயிற்று. எடை போட்டார்கள். பூமியில் ஐந்நூறில் ஒரு பங்குகூடத் தேறவில்லை! 1930-லிருந்து இப்படியே இறங்கிக்கொண்டு போனால் 1984-ல் புளூட்டோ காணாமலே போய்விடும் என்று இரண்டு விஞ்ஞானிகள் வேடிக்கையாகக் கிராஃப் போட்டுக் கட்டுரை எழுதினார்கள். ஷாரனோ, புளூட்டோவின் குறுக்களவில் பாதி. யார் தலைவர், யார் துணை என்று சொல்வதே கஷ்டம். இரண்டும் சுற்றும் மையம் புளூட்டோவுக்கு வெளியே, வெட்டவெளியில் இருக்கிறது. ஒன்றுக்கொன்று ஒரே முகத்தைக் காட்டியபடி சுற்றுகின்றன. முதுகைக் காட்டுவதே இல்லை. ஆதர்ச தம்பதி!

அடுத்து, குறுங்கோள்களின் முறை. இத்தனை சின்னப் பாறைக்கெல்லாம் நிலா எங்கே இருக்கப்போகிறது என்று பலர் நினைத்திருந்தார்கள். 1993-ல் வியாழனுக்குப் போகிற வழியில் கலிலியோ விண்கலம், ‘ஐடா’ என்ற குறுங்கோளைப் போட்டோ பிடித்தது. பக்கத்திலேயே ஒரு குட்டி நிலா! பிறகென்ன, தேடல் சூடுபிடித்தது.

2001-ம் வருடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிப்ரவரி 18... புளூட்டோ கண்டுபிடிக்கப்பட்ட அதே தேதி. ஹவாய்த் தீவில் பத்து மீட்டர் கண்ணாடியுள்ள கெக் தொலைநோக்கி. காற்று அசைவதால் நட்சத்திரம் மினுக்குகிறது அல்லவா? அந்த மினுக்கலை நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை சரிசெய்யும் வித்தை அதில் உண்டு. மைக்கேல் பிரவுனும் ஜான்-லுக் மார்கோவும் அதைச் சில்வியா பக்கம் திருப்பினார்கள். ரவைத் துகளிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் தள்ளி ஒரு தூசி. நிலா! பத்துப் பன்னிரண்டு நாள்தான் ஆயிற்று. மார்ச் 1-ம் தேதி, ஹப்பிள் தொலைநோக்கி கமில்லாவுக்கும் ஒரு நிலாவைப் பிடித்தது. போக்ஸன் இரண்டரை வருட இடைவெளியில் பிடித்த இரண்டு பாறைகள், பதினைந்து நாளுக்குள் அடுத்தடுத்துத் துணையோடு மாட்டிக்கொண்டன.

கதை அதோடு முடியவில்லை. சில்வியாவுக்கு இன்னொரு நிலாவும் உண்டு என்று 2005-ல் ஃபிராங்க் மார்ஷி குழுவினர் அறிவித்தார்கள். இரண்டு நிலாக்கள் உள்ளதாகத் தெரியவந்த முதல் குறுங்கோள், நம் நுங்கம்பாக்கத்துச் சில்வியாதான்! ரோமாபுரியை நிறுவிய இரட்டையர் ரோமுலஸ், ரீமஸ். அவர்களின் தாய் ரியா சில்வியா. எனவே, நிலாக்களுக்கு அந்தப் பெயர்களே பொருத்தமாகிவிட்டன. கமில்லாவுக்கும் இரண்டாவது நிலா 2016-ல் தெரியவந்தது.

இப்போது கணக்கைப் போடலாமா? ரோமுலஸ் சுமார் 1,356 கிலோமீட்டர் தூரத்தில், 3.65 நாளுக்கு ஒருமுறை சில்வியாவைச் சுற்றுகிறது. விடை, சில்வியாவின் எடை சுமார் 150 கோடி கோடி டன். பயந்துவிடாதீர்கள். 270 கிலோமீட்டர் அகலமுள்ள மலைக்கு இது ரொம்ப லேசு! நுங்கம்பாக்கம் தூணின் கருங்கல்லில் ஒரு லிட்டர் பாத்திரம் கொள்ளுமளவு செதுக்கி எடுத்தால், சுமார் 2.7 கிலோ இருக்கும். சில்வியாவில் அதே அளவு எடுத்தால் 1.3 கிலோ சொச்சம்தான். கமில்லாவும் கிட்டத்தட்ட அதே. ஆக, கெட்டிப் பாறை இல்லை. கல்லும், பனியும், இடையிடையே வெற்றிடமும் கலந்த சமாசாரம். 1866-ல் வெறும் புள்ளியாக இருந்ததன் வயிற்றுக்குள்ளே என்ன இருக்கிறது என்று எட்டிப்பார்க்க வைத்தது ஒரு தூசித் துணை!

அதே 2001 ஏப்ரலில், புளூட்டோ வட்டாரத்திலிருந்தும் சேதி வந்தது. 1998 டபிள்யூ டபிள்யூ 31 என்று ரயில் நம்பர் மாதிரிப் பெயர் உள்ள ஒரு பனிப்பாறை, உண்மையில் இரண்டு பாறைகள். ஏறக்குறைய சம அளவு. நெப்டியூனுக்கு அப்பால், புளூட்டோ-ஷாரனுக்குப் பிறகு தெரிந்த முதல் ஜோடி. அதன்பின் வரிசையாகக் கிடைக்க ஆரம்பித்து, அந்த வட்டாரமே ஜோடி மயம் என்று தெரிந்தது.

இங்கேதான் கவனிக்க வேண்டும். சில்வியாவின் நிலாக்களும் இந்த ஜோடிகளும் ஒரே ஜாதி இல்லை. சில்வியாவை ஆதிகாலத்தில் எதுவோ வந்து மோதி, தெறித்த சில்லுகள் சேர்ந்து உண்டானவை அந்தக் குட்டி நிலாக்கள் என்று கருதுகிறார்கள். விபத்தில் பிறந்தவை. நெப்டியூனுக்கு அப்பால் உள்ள பல ஜோடிகளோ கூடவே பிறந்த இரட்டைக் குழந்தைகள். ஒரே அளவு, ஒரே நிறம். ஆதியில் கூழாங்கற்களும் தூசியுமாக மிதந்த மேகம் தன் ஈர்ப்பாலேயே சுருங்கியது. சுருங்கச் சுருங்கச் சுழற்சி கூடியது. சுழற்சி அதிகமானால் ஒரே உருண்டையாகச் சேர முடியாது. இரண்டாகப் பிரிந்து, ஒன்றையொன்று சுற்ற ஆரம்பித்துவிட்டன. சில ஜோடிகள் ரொம்பத் தள்ளித் தள்ளிச் சுற்றுகின்றன. யாராவது லேசாக இடித்திருந்தாலே உறவு முறிந்திருக்கும். முறியவில்லை என்றால், 450 கோடி வருடமாக அந்தப் பக்கம் எந்த ரௌடிக் கிரகமும் எட்டிப்பார்க்கவில்லை என்று அர்த்தம். சூரியக் குடும்பத்தின் பிறப்புச் சான்றிதழ் அங்கே கசங்காமல் இருக்கிறது!

2019 ஜனவரி 1-ம் தேதி நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் அதை நேரிலேயே பார்த்தது. ‘அரோகோத்’ என்ற 36 கிலோமீட்டர் நீளப் பனிப்பாறை. நம் மேப்பில் வானகரம் தாண்டி, வேலப்பன்சாவடி போகும் வழியில், கண்ணுக்கே தெரியாத தூசி. இரண்டு தட்டையான உருண்டைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. மோதி நசுங்கிய அடையாளம் இல்லை. நாம் நடக்கிற வேகத்தில் வந்து, மெதுவாகத் தொட்டு, அப்படியே ஒட்டிக்கொண்ட ஜோடி.

அது இரட்டையாக இருக்கலாம் என்ற சந்தேகம் 2017-லேயே வந்துவிட்டது. அர்ஜென்டினாவில் தொலைநோக்கிகளை வரிசையாக வைத்து, அரோகோத் ஒரு நட்சத்திரத்தை மறைத்த அந்தக் கணநேரத்தை அளந்தார்கள். தமிழ்நாட்டுக்கு இது புது வித்தை இல்லை. 1977 மார்ச் 10-ம் தேதி, வாணியம்பாடிக்குப் பக்கம் காவலூரில் பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை நெருங்குவதை இதே மாதிரி கவனித்துக்கொண்டிருந்தார்கள். நட்சத்திரம் முன்கூட்டியே மங்கி மீண்டது. யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்று உலகம் கண்டுகொண்ட ராத்திரி அது. அதே காவலூரில் 1988-ல் ஒரு குறுங்கோள் பிடிபட்டது. போக்ஸனின் வேராவுக்குப் பிறகு நூறு வருடத்துக்கு மேல் கழித்து. ‘ராமானுஜன்’ என்று பெயர் வைத்தார்கள். நுங்கம்பாக்கத்தில் ஆரம்பித்த பரம்பரை கொடைக்கானல், காவலூர் என்று தொடர்ந்ததற்கு அதைவிடச் சாட்சி வேண்டுமா?

போக்ஸனுக்குச் சில்வியாவின் எடை தெரியாது. நிலா தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. இந்த ராத்திரி, இத்தனை மணிக்கு, இந்த இடத்தில் ஒரு புள்ளி நகர்ந்தது என்று ஒழுங்காக எழுதிவைத்தார். அவ்வளவுதான். 135 வருடம் கழித்து ஹவாயில் தொலைநோக்கியைத் திருப்பியவருக்கு, எங்கே திருப்புவது என்று தெரிந்திருந்தது. அதே வளாகத்தில் ஒவ்வொரு மழைக்கும் அளவு எடுத்து யாரோ ஒருவர் எழுதிக்கொண்டுதான் இருக்கிறார். நாம் அதை லீவு கணக்குக்குப் பயன்படுத்துகிறோம். நூறு வருடம் கழித்து யார், எதற்குப் பயன்படுத்தப்போகிறார்களோ!